பூல் ஆடிய கையோடு ஸ்னூக்கர் டேபிளுக்கு வருகிறவர்களுக்கு: படிப்படியாக முழு வழிகாட்டி

காரைக்குடியில் நான் ஆடும் அறையில் பூல் டேபிள் இரண்டு, ஸ்னூக்கர் டேபிள் ஒன்று. இரண்டுமே குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் போடும் ஆட்டம்தான். வருகிற பிள்ளைகள் எல்லோரும் பூலில்தான் தொடங்குகிறார்கள். சில மாதம் கழித்துக் கை ஓடத் தொடங்கியதும் பெரிய டேபிளின் பக்கம் கண் போகிறது. பூலில் யாரையும் நிற்க விடாத தேவகோட்டைத் தம்பி ஒருவர் அப்படித்தான் வந்தார். முதல் ஒரு மணி நேரத்தில் அவர் போட்டது ஏழே பந்து. "அண்ணே, குச்சி சரியில்லண்ணே" என்று மூன்று தடவை குச்சி மாற்றினார். குச்சியில் குறையே இல்லை. ஸ்னூக்கர் டேபிளில் அவர் பூல் ஆடிக்கொண்டிருந்தார்.

அவரைப் போலப் பலரைப் பார்த்த பிறகு, பழக வேண்டிய வரிசை ஒன்று எனக்குப் பிடிபட்டது. முதலில் கணக்கு, அடுத்து ஃபவுல், அதன் பிறகு வேகம், கடைசியில்தான் திறமை காட்டும் அடிகள். நேராக நான்காவதுக்குப் போகிறவர்கள்தான் சலித்துப்போய் பூலுக்கே திரும்புகிறார்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்னூக்கர் குச்சியையே எடுங்கள். பூல் குச்சியின் டிப், அதாவது பந்தில் படும் நுனி, 12, 13 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்னூக்கர் குச்சிக்கு 9, 10 மில்லிமீட்டர்தான். பந்தும் சிறிது: பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், ஸ்னூக்கர் பந்து 52.5. சின்னப் பந்தைத் தடித்த டிப்பால் அடித்தால், நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்று கைக்குத் தெரியாது. அது தெரியாமல் எதையும் திருத்த முடியாது.

டிப்பில் தேய்க்கும் சாக் ஒன்று, உலர்ந்த சிறு துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெக்கையில் உள்ளங்கை வியர்த்துக் குச்சி வழுக்காமல் ஒட்டும். உடனே எல்லோரும் பவுடர் டப்பாவைத் தேடுகிறார்கள். பவுடர் டேபிள் துணியில் இறங்கினால் திட்டுத்திட்டாகப் படிந்து பந்தின் ஓட்டத்தைக் கெடுக்கும். கையையும் குச்சியையும் துடைத்துக்கொண்டால் போதும்.

உடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொளதொளத்த சட்டை முனை, கழுத்துச் சங்கிலி, தோள் துண்டு, வேட்டி மடிப்பு இவற்றில் எது பந்தைத் தொட்டாலும் ஃபவுல். நண்பர்களோடு பூல் ஆடும்போது வெள்ளையைத் தவிர மற்றப் பந்தைச் சட்டை தொட்டால் "எடுத்து வை" என்று விட்டுவிடுவோம். இங்கே எந்தப் பந்தானாலும் விலக்கில்லை.

2. அடிப்பதற்கு முன் டேபிளை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

பந்தை வைக்கும் முன் ஒரு தடவை நடந்து பாருங்கள். பன்னிரண்டடி ஸ்னூக்கர் டேபிளில் ஆடும் பரப்பு 3,569 மில்லிமீட்டர் நீளம், 1,778 அகலம். ஒன்பதடி பூல் டேபிளில் 2,540-க்கு 1,270. பரப்பளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பூலில் கை எட்டாத அடி எப்போதாவதுதான் வரும். இங்கே ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு ஆட்டத்துக்கு, பல தடவை வரும்.

அடுத்து பாக்கெட். பூல் மூலைப் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலமோ சற்றுக் கூடுதலோ இருக்கும். இரண்டு பந்து பக்கம் பக்கமாக நுழைந்துவிடும். ஸ்னூக்கர் மூலைப் பாக்கெட் மூன்றரை அங்குலத்தை ஒட்டியது, அதில் இரண்டு பந்து ஒன்றாக நுழையாது. அதைவிட முக்கியம் வாயின் வடிவம். பூல் பாக்கெட்டின் ஓரம் கூர்மையாக வெட்டியிருக்கும். ஸ்னூக்கரில் அது வளைந்து உருண்டிருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். ஆறாவது படி முழுவதும் இந்த வளைவைப் பற்றியதுதான்.

கடைசியாகத் துணி. பூல் துணி வழவழப்பாக இருக்கும். ஸ்னூக்கர் துணியில் கம்பளி ரோமம் ஒரே திசையில் படிந்திருக்கும். டேபிளின் ஒரு பக்கம் குறுக்குக் கோடும் அதை ஒட்டி 'டி' என்ற அரைவட்டமும் வரைந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து கருப்புப் பந்து இருக்கும் பக்கம் நோக்கிக் கையால் தடவினால் மென்மையாக இருக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் லேசாகத் தடுக்கும். மெதுவாக உருளும் பந்தை இந்த ரோமம் கருப்பு இருக்கும் பக்கமாகச் சற்று இழுக்கும்.

மெதுவாக ஒரு பந்தை உருட்டி டேபிள் மட்டமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். துணிக்குக் கீழே இருக்கும் ஸ்லேட் கற்பலகை பெரும்பாலும் ஐந்து துண்டு. எல்லாம் சேர்ந்து டன் கணக்கில் எடை. நம் ஊரில் பழைய வீட்டை அறையாக மாற்றி, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் டேபிளை இறக்கினால், தரை மட்டம் எல்லாக் காலுக்கும் ஒன்றாக அமையாது. எந்த மூலைக்குச் சாய்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் உங்கள் கைமேல் நீங்களே வீணாகச் சந்தேகப்பட மாட்டீர்கள்.

3. பந்துகளை வைக்கும் முறை

22 பந்து: சிவப்பு 15, கலர் ஆறு, வெள்ளை ஒன்று. 'டி' பக்கம் நின்று பார்த்தால் கோட்டில் இடமிருந்து வலமாகப் பச்சை, பிரவுன், மஞ்சள். டேபிளின் நட்ட நடுவில் நீலம். நடுவுக்கும் மேல் குஷனுக்கும் (கருப்புப் பக்கத்து ரப்பர் விளிம்பு) பாதித் தூரத்தில் பிங்க். மேல் குஷனிலிருந்து 324 மில்லிமீட்டரில் கருப்பு.

சிவப்பு முக்கோணம் பிங்குக்குப் பின்னால். நுனிச் சிவப்பு பிங்கை ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. புதியவர்கள் பூல் பழக்கத்தில் முக்கோணத்தைப் புள்ளிமேலேயே வைத்துவிட்டு பிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிங்கை முதலில் வைத்துவிட்டுப் பிறகு சிவப்பை அடுக்கினால் இந்தக் குழப்பமே வராது.

4. கணக்கை முதலில் மனத்தில் ஏற்றுங்கள்

பூலில் எட்டுப் பந்து ஆட்டத்தில் உங்கள் ஏழு பந்தை முடித்து, எட்டாம் பந்தைப் போட்டால் வெற்றி. பாயிண்ட் என்ற ஒன்றே கிடையாது. ஸ்னூக்கரில் பாயிண்ட்தான் எல்லாம். சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கருப்பு 7.

ஒரு சிவப்பு, ஒரு கலர், மறுபடி சிவப்பு, மறுபடி கலர் என்று போகும். விழுந்த சிவப்பு திரும்பி வராது. விழுந்த கலர், சிவப்பு தீரும்வரை தன் புள்ளிக்குத் திரும்பி வரும். அந்தப் புள்ளியை வேறு பந்து மறித்தால், காலியாக இருப்பவற்றில் அதிக மதிப்புள்ள கலரின் புள்ளியில் வைக்க வேண்டும்.

தடுமாற்றம் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, நீங்கள் சிவப்பைப் போட்டுக் கலரைத் தவறவிட்டால் அடுத்தவர் கலரிலிருந்து தொடங்கமாட்டார், சிவப்பிலிருந்துதான் தொடங்குவார். இரண்டு, கடைசிச் சிவப்போடு போடும் கலரும் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் மஞ்சளில் தொடங்கி வரிசையாகக் கருப்புவரை. கடைசிச் சிவப்புக்குப் பின் கருப்பைப் போட்டுவிட்டு அதைக் குழியிலேயே விட்டவர்களை வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறேன்.

இன்னொரு கணக்கு, புதியவர்களில் அநேகமாக யாருமே போடுவதில்லை: டேபிளில் இன்னும் எவ்வளவு மிச்சம்? மீதமுள்ள சிவப்பை எட்டால் பெருக்கி 27 சேருங்கள். ஒரு சிவப்புக்கு அதிகபட்சம் ஒரு கருப்பு, ஆக எட்டு. கடைசி ஆறு கலரும் சேர்ந்து 27. பதினைந்து சிவப்பும் இருந்தால் 120-உம் 27-உம் சேர்ந்து 147. அதனால்தான் அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு. இரண்டு சிவப்பு மிச்சம் என்றால் 43. நீங்கள் 40 பின்தங்கியிருந்தால் பந்து போட்டே ஜெயிக்க வழி உண்டு. 45 பின்தங்கியிருந்தால் எதிரியிடமிருந்து ஃபவுல் பாயிண்டும் வாங்கியாக வேண்டும். இந்தக் கணக்கு தெரியாதவர் எந்த அடியைத் துணிந்து அடிப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கவே முடியாது. என் பக்கத்தில் நின்று பழகும் பிள்ளைகளை ஒவ்வொரு முறை டேபிளுக்குப் போகும்போதும் இதை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன்.

5. ஃபவுல்: வெள்ளையைக் கையில் எடுக்காதீர்கள்

பூலிலிருந்து வருகிறவர்களின் கை தானாகச் செய்யும் தவறு இது. எதிரி ஃபவுல் செய்ததும் வெள்ளையைத் தூக்கிவிடுவார்கள். பூலில் அது சரி, விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஸ்னூக்கரில் வெள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும். பாக்கெட்டில் விழுந்தாலோ டேபிளை விட்டு வெளியே போனாலோ மட்டும்தான் கையில் எடுக்கலாம். அப்போதும் 'டி'க்குள்தான் வைக்க வேண்டும்.

ஃபவுலுக்குக் குறைந்தது 4 பாயிண்ட், அதிகபட்சம் 7. அடிக்க வேண்டிய பந்து, தவறாகத் தொட்ட பந்து இரண்டில் எது பெரிதோ அதன் மதிப்பு. இரண்டுமே நாலுக்குக் கீழ் என்றால் 4. சிவப்பைக் குறிவைத்துக் கருப்பில் பட்டால் 7. நீலத்தை அடித்து வெள்ளையும் விழுந்தால் 5. இந்தப் பாயிண்ட் எதிரியின் கணக்கில் ஏறும், உங்கள் கணக்கில் கழியாது. நண்பர்களுக்குள் ஆடும்போது 'மைனஸ்' போடுவது உண்டு. இரண்டு பேர் முறையாக ஆடும்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஃபவுல் ஆன பின் உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பந்து நிற்கும் நிலை பிடிக்கவில்லையென்றால் "நீங்களே ஆடுங்கள்" என்று ஃபவுல் செய்தவரையே மறுபடி ஆடச் சொல்லலாம். ஃபவுலால் உங்கள் பந்து மறைந்துவிட்டால், அதாவது எந்தச் சிவப்பின் இரண்டு ஓரத்தையும் நேராகத் தொட முடியாவிட்டால், ஃப்ரீ பால். வேறொரு பந்தைச் சிவப்பாக எண்ணி அடிக்கலாம், மதிப்பும் சிவப்பின் மதிப்புதான்.

ஒரு பந்துக்கு மேலாக வெள்ளையைத் தாண்டவைக்கும் ஜம்ப் அடி பூலில் கைதட்டல் வாங்கும். இங்கே ஃபவுல். அடிக்க வேண்டிய பந்தைத் தொட முழு முயற்சி எடுக்காமல் தவறவிட்டால் மறுபடி அடிக்க வைக்கும் 'மிஸ்' விதியைக் கறாராகப் பார்ப்பீர்களா என்பதை மட்டும் ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். நடுவில் பேசினால் மனக்கசப்பு.

6. வேகத்தைப் பாதியாக்குங்கள்

இந்த ஒன்று கைவந்தால் பாதி ஸ்னூக்கர் வந்த மாதிரி. அந்தத் தேவகோட்டைத் தம்பிக்கு நான் முதல் நாள் சொன்னதும் இதுதான்.

பூல் பாக்கெட்டில் பந்து ஓரத்தில் இடித்தாலும் வேகம் அதை உள்ளே தள்ளிவிடும். வாய் அகலம், ஓரம் கூர்மை. ஸ்னூக்கரில் அந்த உருண்ட ஓரத்தில் வேகமாக இடிக்கிற பந்து பாக்கெட் வாயின் ஒரு தாடையிலிருந்து (ஓரத்திலிருந்து) மறு தாடைக்குத் தாவி வெளியே வந்துவிடும். அதே கோணத்தில் மெதுவாக வரும் பந்து ஓரத்தில் பட்டாலும் வளைவிலேயே சரிந்து உள்ளே விழும். குஷனை ஒட்டி ஓடும் பந்தில் இது இன்னும் கண்கூடு. "உள்ளே போயிருக்கணுமேண்ணே" என்று சொல்ல வைக்கிற பந்தெல்லாம் அநேகமாக வேகத்தால் வெளியே வந்தவைதான்.

ஆகவே முதல் இரண்டு வாரம், பந்து பாக்கெட்டின் வாயில் தயங்கி விழுகிற வேகத்தில் மட்டும் அடியுங்கள். குறி தவறினாலும் பரவாயில்லை. இந்த வேகத்தில் பத்துக்கு ஐந்து விழத் தொடங்கியதும் கொஞ்சம் கூட்டுங்கள்.

நடுப் பாக்கெட்டுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கருப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுப் பாக்கெட்டுக்கு மிக மெதுவாக அனுப்பும் பந்தை ரோமம் பின்னால் இழுத்து அருகிலிருக்கும் தாடையில் இடிக்க வைக்கும். அங்கே சற்று எட்டத்துத் தாடையைப் பார்த்து அனுப்புங்கள். மழைக்காலத்தில் இது மாறும். ஐப்பசி அடைமழையில் ஜன்னல் திறந்து கிடந்தால் துணி ஈரத்தை வாங்கிக் கனத்துவிடும். நேற்றைய வேகம் இன்று பாதி வழியில் நின்றுவிடும். அன்றைக்கு ஆட்டம் தொடங்கும் முன் நான்கைந்து தடவை வெறும் வெள்ளையை ஓட்டிப் பார்த்துக் கையைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

7. நிற்பதும் பிடிப்பதும்

பூலில் பலர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தலையைத் தூக்கி வைத்து, விரலால் குச்சியை வளையம்போல் சுற்றிப் பிடிப்பார்கள். ஸ்னூக்கரில் தூரம் அதிகம், இலக்கு சிறிது. குச்சி இம்மி விலகினாலும் பத்தடி தாண்டி அது பல அங்குலமாகத் தெரியும். அதனால் குச்சிக்கு அசையாத இடம் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

மார்பு பந்தின் திசைக்குக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருக்கட்டும். குனிந்து, தாடை குச்சியைத் தொடட்டும், மார்பிலும் குச்சி உரசட்டும். முன்கை துணியில் விரல்களை நன்றாகப் பரப்பி, கட்டைவிரலைத் தூக்கி ஒரு பள்ளம் செய்யுங்கள். குச்சி அந்தப் பள்ளத்தில் ஓடினால் போதும், சுற்றிப் பிடிக்க வேண்டாம். பின்கை பிடி தளர்வாக இருக்கட்டும். அடித்த பிறகும் தலை எழக்கூடாது. பந்து விழுவதைப் பார்க்கும் ஆசையில் எழுந்துவிடுவதுதான் இங்கே பெரிய தவறு.

எட்டாத பந்துக்கு ரெஸ்ட்டை, அதாவது கைக்குப் பதிலாகக் குச்சியைத் தாங்கும் கம்பை, எடுக்க வெட்கப்படாதீர்கள். டேபிள்மேல் ஏறிப் படுத்து இரண்டு காலும் தரையை விட்டுவிட்டால் ஃபவுல். ரெஸ்ட்டின் கைப்பிடியை டேபிளிலேயே படுக்க வைத்து இடது கையால் அழுத்துங்கள். குச்சியின் கடைசியைக் கட்டைவிரல், இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, முழங்கையைப் பக்கவாட்டில் விரித்து, சின்னதாக இழுத்து அடியுங்கள். உயரம் குறைந்தவர்கள் இதை முதல் வாரத்திலேயே பழகிவிட வேண்டும்.

8. வெள்ளை எங்கே நிற்கப்போகிறது?

எந்தச் சிவப்பைப் போடுவது என்று பார்க்காதீர்கள். அதைப் போட்ட பிறகு எந்தக் கலர் கிடைக்கும் என்று பாருங்கள். பூலில் உங்கள் ஏழு பந்தும் ஆங்காங்கே கிடக்கும், வெள்ளை எங்கே நின்றாலும் ஏதாவது ஒன்று அமையும். இங்கே சிவப்புக்குப் பின் கலர் ஒன்று கட்டாயம். சிவப்பெல்லாம் கருப்பு, பிங்க் பக்கம் கிடப்பதால் வெள்ளையையும் அங்கேயே வைத்துக்கொள்கிறவர்தான் எண்ணிக்கை சேர்ப்பார்.

தொடக்கத்தில் மூன்றே அடி போதும். வெள்ளையின் நடுவில் அடித்தால் நிற்பது, மேலே அடித்தால் தொடர்ந்து ஓடுவது, கீழே அடித்தால் பின்வாங்குவது. சைடு, அதாவது வெள்ளையின் இடது அல்லது வலது ஓரத்தில் அடிப்பது, வேண்டாம். ரோமத் துணியில் மெதுவாக ஓடும் வெள்ளைக்குச் சைடு கொடுத்தால் அது வளைந்து போகும். மெல்லிய டிப்பால் ஓரத்தில் அடிக்கும்போது புறப்படும் திசையே விலகும். நேர் அடி உறுதியாகும்வரை சைடு உங்கள் குறியைக் கெடுக்க மட்டுமே உதவும். கேரம் நன்றாக ஆடியவர்களுக்கு மெல்லிய வெட்டுக் கோணம் சீக்கிரம் பிடிபடுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் வெள்ளையை நிறுத்துவது தனிப் பாடம்தான்.

9. பிரேக்: ஆட்டத்தின் முதல் அடி

பூலில் முழு பலத்தோடு உடைப்பார்கள், பந்து சிதறி ஒன்றாவது விழ வேண்டும். ஸ்னூக்கரில் அப்படி உடைத்தால் பதினைந்து சிவப்பையும் எதிரிக்குப் பரிமாறி வைத்த மாதிரி. வெள்ளையை 'டி'க்குள் பிரவுனுக்கும் மஞ்சளுக்கும் நடுவே வைத்து, வலது ஓரத்துச் சிவப்பை மிக மெல்லியதாக உரசுங்கள். வெள்ளை மேல் குஷன், பக்கக் குஷன் பட்டு 'டி' பக்கத்துக்கே திரும்பி வர வேண்டும். சைடு வேண்டாம் என்றதற்கு இது ஒன்றே விலக்கு: வலது சைடு கொஞ்சம் கொடுத்தால்தான் வெள்ளை நீலத்தில் மோதாமல் விரிந்து வரும்.

10. போட முடியாதபோது

பூலில் பந்தைத் தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து விழ வேண்டும், இல்லை குஷனைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஃபவுல். ஸ்னூக்கரில் அந்த விதியே இல்லை. சிவப்பை மெல்லத் தொட்டு வெள்ளையை அங்கேயே ஒட்டி நிறுத்தலாம். ஆட்டத்தின் குணத்தையே மாற்றுவது இந்த ஒரு வேறுபாடுதான்.

எனவே பத்துக்கு ஏழு தடவையாவது விழும் என்ற நம்பிக்கை இல்லாத பந்தைத் துரத்தாதீர்கள். சிவப்பை உரசிவிட்டு வெள்ளையை 'டி' பக்கத்துக் குஷனுக்கு அனுப்புங்கள். பிரவுன், பச்சை, மஞ்சளுக்குப் பின்னால் மறைந்தால் இன்னும் நல்லது. கானாடுகாத்தானிலிருந்து வரும் ஐயா ஒருவருக்கு நீளப் பந்து விழாது, கண்ணும் முன்போல் இல்லை. ஆனால் அவர் விட்டுச்செல்லும் இடத்திலிருந்து அடிக்க இளைஞர்கள் திணறுகிறார்கள். "தம்பி, எனக்கு விழலேன்னா உங்களுக்கும் விழக்கூடாது" என்பார். ஃபவுலாகவே அவர் ஃப்ரேமுக்கு இருபது பாயிண்ட் வாங்கிய நாளும் உண்டு.

11. முதல் மாதம் என்ன பழகுவது

ஆட்டம் ஆடிக்கொண்டே பழகலாம் என்று நினைக்காதீர்கள். அறையில் மணிக்கணக்கில் காசு ஓடும், அதில் முதல் இருபது நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

வெள்ளையைப் பிரவுன் புள்ளியில் வைத்து, நீலம், பிங்க், கருப்புப் புள்ளிகளின் மேலாக மேல் குஷனுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்து உங்கள் டிப்பையே தொட வேண்டும். விலகி வந்தால் நீங்கள் அறியாமலே சைடு கொடுக்கிறீர்கள். இருபது தடவை.

பிறகு நீலத்தை அதன் புள்ளியில் வைத்து, நேர்கோட்டில் வெள்ளையை வைத்து மூலைப் பாக்கெட்டுக்கு. வெள்ளை பட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.

அடுத்து கருப்புக்கு அருகே ஒரே ஒரு சிவப்பு. சிவப்பு, கருப்பு இரண்டும் அடுத்தடுத்து விழ வேண்டும். பத்தில் ஆறு விழுந்த பிறகு சிவப்பை இரண்டாக்குங்கள். தேவகோட்டைத் தம்பி இதில் மூன்று வாரம் நின்றார். நாலாவது வாரம் ஒரே முறையில் 24 எடுத்தார், மூன்று சிவப்பு, மூன்று கருப்பு.

12. டேபிளை விடும் முன்

பாயிண்ட் சமமாக முடிந்தால் கருப்பை மறுபடி புள்ளியில் வைத்து, டாஸ் போட்டு, வென்றவர் யார் முதலில் ஆடுவது என்று சொல்வார். வெள்ளை 'டி'க்குள்ளிருந்து. கருப்பைப் போட்டாலோ ஃபவுல் செய்தாலோ ஃப்ரேம் முடிந்தது.

ஆடி முடித்ததும் பிரஷ்ஷை எடுத்து 'டி' பக்கத்திலிருந்து கருப்புப் பக்கம் நோக்கி ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ரோமம் கலைந்து, அடுத்து ஆடுகிறவருக்குப் பந்து கண்ட இடத்தில் திரும்பும். சாக் தூளைத் தட்டி, உறையைப் போர்த்தி, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிளம்புங்கள்.